மூன்று எடிட்டர்கள், ஐம்பத்தெட்டுப் பெயர்கள்

எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று கம்ப்யூட்டர், மூன்று கட்சி. பஹ்ரைனில், மனாமா நகரின் குதைபியாவில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். சாப்பாட்டு மேஜையில் பாதியைச் சார்ஜர் வயர்கள் பிடித்துக்கொண்டிருக்கும், மீதியில்தான் தட்டு வைக்க வேண்டும். என் கணவர் ரகுநாதன் ஒரு வங்கியின் சர்வர்களைக் காவல் காப்பவர், லினக்ஸ் கட்சி. மகள் ரக்ஷிதா பதினொன்றாம் வகுப்பு, மேக் கட்சி. நான் ஷியாமளா. ஆபீஸ் எதைக் கையில் கொடுத்ததோ அதுதான் என் கட்சி, அது விண்டோஸ். கொள்கை இல்லாதவள் என்று இரண்டு பேரும் என்னைக் கேலி செய்வார்கள். கொள்கை உள்ளவர்கள் வீட்டில் சாம்பார் யார் வைப்பது என்று நான் பதிலுக்குக் கேட்பேன்.

என் கம்பெனி சவூதியில் எண்ணெய் ஆலைகளுக்கு ஆள் அனுப்புகிறது. ஆலையை நாற்பது நாள் நிறுத்திவைத்துக் குழாய்களையும் தொட்டிகளையும் கழற்றிப் பழுதுபார்ப்பார்கள்; அதற்கு ஷட்டவுன் என்று பெயர். ஆட்கள் அங்கே யான்பு என்ற ஊரில் கேம்ப்பில் இருப்பார்கள். அவர்களுடைய காகிதங்களை மனாமாவில் உட்கார்ந்து நான் பார்ப்பேன். இந்த முறை ஐம்பத்தெட்டுப் பேர். சனிக்கிழமை ஷட்டவுன் ஆரம்பம். வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் இவர்கள் பட்டியல் ஆலையின் கேட் ஆபீஸுக்குப் போய், சரி என்று பதில் வந்துவிட வேண்டும். பதில் வராத ஆளுக்குக் கேட் பாஸ் இல்லை. கேட் பாஸ் இல்லாத ஆளைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது, ஊருக்கு அனுப்பிவிடும்.

பட்டியலுக்கு ஒரு முறை உண்டு. ஆளுக்கு ஒரு வரி. வரியில் நான்கு விஷயம், நடுவில் கமா: ஆங்கிலத்தில் பெயர், அரபியில் பெயர், சவூதியில் தங்க அனுமதி தரும் இக்காமா அட்டையின் எண், செய்யும் வேலை. எக்செல் கூடாது. போன வருடம் யாரோ எக்செல்லில் சேமித்து அனுப்பி அரபிப் பெயர்கள் மொத்தமும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேர்ந்ததாம், அதிலிருந்து இந்தத் தடை. "ஏதாவது ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் அடித்து வெறும் எழுத்தாக அனுப்பவும்" என்று உத்தரவு. ஏதாவது ஒன்று என்று சொல்லிவிட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும். எது என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விண்டோஸின் நோட்பேடில் பட்டியலை அடித்து முடித்தேன். இக்காமா அட்டைகளின் போட்டோக்களை நாகலிங்கம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அவர் அந்தக் கோஷ்டிக்கு ஃபோர்மேன், முதுகுளத்தூர் பக்கம். அரபிப் பெயர்களை விசா ரெக்கார்டிலிருந்து எடுத்து ஒட்டினேன், எண்களைப் போட்டோவைப் பார்த்து அடித்தேன். அடித்து முடித்து நிமிர்ந்து பார்த்தால் வரிசை தப்பாக இருக்கிறது. முதல் வரியில் தலைப்பு: பெயர், அரபிப் பெயர், எண், வேலை. கீழே ஆட்களின் வரிகளிலோ பெயர், எண், அரபிப் பெயர், வேலை. எண்ணும் அரபியும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. நான் அப்படி அடிக்கவே இல்லை.

சமையலறையில் இருந்த கணவரைக் கூப்பிட்டேன். அவர் டீ டம்ளரோடு வந்து தூரத்திலிருந்தே பார்த்தார். "அது டிஸ்ப்ளேதான். அரபி பக்கத்துல நம்பர் வந்தா அப்படித்தான் காட்டும். உள்ள சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு யாரும் கேட்காமலே தன் லேப்டாப்பைத் திறந்து, அதே ஃபைலை விம் என்கிற எடிட்டரில் காட்டினார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மெனு கிடையாது, மவுஸுக்கு மரியாதை கிடையாது. ஒரு எழுத்து அடிக்க வேண்டுமென்றாலும் முதலில் ஒரு சாவியைத் தட்டி அனுமதி வாங்க வேண்டும். வெளியே வருவதற்கு மூன்று எழுத்து மந்திரம். அந்தத் திரையில் எண்கள் தலைப்பு சொன்ன இடத்தில் இருந்தது உண்மை. ஆனால் அரபிப் பெயர்கள் பின்பக்கமாக ஓடின. பன்னிரண்டு வருஷம் மனாமா கடை போர்டுகளை எழுத்துக் கூட்டிப் படித்தே எனக்கு அரபி எழுத்து தெரியும். வலமிருந்து இடமாகப் போக வேண்டியது இடமிருந்து வலமாகப் போனால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

"பேரையே தலைகீழா காட்டுற எடிட்டர நம்பி நான் நம்பர அனுப்பணுமா?" என்று கேட்டேன்.

"இந்தத் திரைக்கு அரபி திசை தெரியாது. ஃபைல்ல எப்படி இருக்கோ அப்படியே காட்டுது. அதுதான் நேர்மை" என்றார் அவர்.

"நேர்மைய நீங்களே வச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டேன்.

ரக்ஷிதாவின் மேக்கில் எழுத்து அழகோ அழகு. அரபி சித்திரம் மாதிரி இருந்தது. ஆனால் அதன் எடிட்டர் புதிதாக ஒரு பக்கம் திறந்தால், எழுத்தின் அழகையும் அளவையும் சேர்த்துச் சேமிக்கிற வேறு வகை ஃபைலாக்கிவிடுகிறது. வெறும் எழுத்து வேண்டுமென்றால் மெனுவுக்குள் போய் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், அங்கேயும் எண்ணும் அரபியும் இடம் மாறித்தான் நின்றன.

இரண்டு கம்ப்யூட்டர் ஒரே மாதிரி காட்டுகிறது, ஒன்று மட்டும் வேறு மாதிரி காட்டுகிறது. பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நான். கணவர் சொன்ன டிஸ்ப்ளே கதையை நான் நம்பவில்லை. நோட்பேடுக்குத் திரும்பினேன். முதல் வரியில் எண்ணை வெட்டினேன், அரபிப் பெயருக்கு வலப்பக்கம் மவுஸை வைத்தேன், ஒட்டினேன். எண் மறுபடி இடப்பக்கமே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் வரியிலும் அதே கதை. எனக்குக் கோபம் வந்தது. இப்போதைக்குக் காட்டாவிட்டாலும் சேமித்துத் திறந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, ஐம்பத்தெட்டு வரியிலும் பிடிவாதமாக வெட்டி ஒட்டினேன். ஒன்றரை மணி நேரம். சேமித்துத் திறந்தேன். ஒரு வரிகூட மாறவில்லை. சரி, அவர் சொன்னதுதான் போலிருக்கிறது, டிஸ்ப்ளேதான், உள்ளே சரியாக இருக்கும் என்று திங்கட்கிழமை காலை அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு யான்புவிலிருந்து சைட் மேனேஜர் விஜயபாஸ்கர் போன் செய்தார். சேலத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். அன்று குரல் இறுக்கமாக இருந்தது.

"மேடம், கேட் ஆபீஸ் மெயில் பாத்தீங்களா? முப்பத்தஞ்சு பேர் ஓகே. இருபத்து மூணு பேருக்கு இக்காமா நம்பர் செல்லாதுன்னு வந்திருக்கு. இவங்களுக்கு ஸ்பான்சர் பண்ற கஃபீலுக்கும் காப்பி போட்டிருக்கான். அவர் காலையிலேயே கூப்பிட்டுட்டார். கள்ளக் கார்டு வச்சிருக்கிற ஆளுங்கள எப்படி எடுத்தீங்கன்னு கேக்குறார்."

"நம்பர் நான் தப்பா அடிச்சிருப்பேன் சார். பாத்துச் சொல்றேன்."

"ஒண்ணு ரெண்டுன்னா அடிச்சதுல தப்புன்னு சொல்லலாம். இருபத்து மூணு மேடம். வியாழக்கிழமைக்குள்ள நம்பர் சரின்னு காட்ட முடியலேன்னா, ஞாயித்துக்கிழமை ஏர்போர்ட் பஸ்ல ஏத்தி விடச் சொல்லிட்டார். அப்புறம் அவங்க கார்டு மேலயே கேஸ் போகும்."

போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு இருபத்து மூன்று எண்களையும் ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. இரண்டாம் முறையும் பார்த்தேன். ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. அப்படியென்றால் அட்டைதான் போலியா என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

அன்று மாலை நாகலிங்கம் கூப்பிட்டார். அந்த இருபத்து மூன்றில் அவரும் ஒருவர்.

"மேடம், எங்க கார்டு கள்ளக் கார்டுன்னு கேம்ப்பு பூரா பரவிப்போச்சு. இதே கார்ட வச்சு நாலு ஷட்டவுன் உள்ள போயி வந்திருக்கேன். நாலு தடவயும் செல்லுன கார்டு இப்ப எப்புடிச் செல்லாமப் போகும்?"

"நம்பர் எல்லாம் சரியா இருக்கு நாகலிங்கம். நான் ரெண்டு தடவ பாத்துட்டேன். என்னன்னு புரியல."

"வேல போனாக்கூடப் போகட்டும் மேடம். இங்க மத்த ஆளுக எங்கள மெஸ்ஸுலருந்து ஒதுக்கிப்புட்டாங்க. போலீசு வந்தா கூட இருந்த ஆளையும் சேத்துப் பிடிப்பான்னு பயப்படுறாங்க. தனி அடுப்புல சமைச்சுக்கிறோம். எங்கக்கா மகன் பாண்டித்துரை, நாந்தேன் விசா எடுத்துக் கூட்டியாந்தேன், அவன் பேரு ஓகே ஆயிருச்சு. அவனே என் தட்டத் தனியா எடுத்து வச்சுட்டான்."

கேம்ப்பில் ஒரு மெஸ் என்றால் அது சும்மா சமையல் இல்லை. எல்லோரும் சேர்ந்து அரிசி வாங்கி, முறை வைத்துச் சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. ஊருக்குப் போகிறவன் பெட்டியைக் கட்டுவதும் அங்கேதான், உடம்பு முடியாதவனுக்குக் கஞ்சி வைப்பதும் அங்கேதான். அதிலிருந்து தள்ளிவைத்தால் ஆள் அங்கே இல்லாத மாதிரிதான். நாளைக்குள் கண்டுபிடிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை வீட்டிலிருந்து வேலை. இருபத்து மூன்று பேருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மாவட்டம்? இல்லை. இரண்டு பக்கமும் ராமநாதபுரம், சிவகங்கை, அரியலூர் கலந்திருந்தது. வேலை? ரிக்கர், வெல்டர், ஹெல்ப்பர் எல்லாமே இரண்டு பக்கமும். அட்டை எடுத்த வருஷம், பெயரின் நீளம், எண்ணின் கடைசி இலக்கம் எதையும் விடவில்லை. ரக்ஷிதா பள்ளியிலிருந்து வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, ரேண்டமா தெரியுது. பட் ரேண்டமா இருக்க முடியாது. சம்படி டிட் சம்திங்" என்றாள்.

"யாரும் ஒண்ணும் பண்ணல. போய்க் கை கழுவு" என்றேன்.

நாகலிங்கமும் அங்கே இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஷட்டவுன் சனிக்கிழமைதான் என்பதால் எல்லோரும் கேம்ப்பிலேயே இருந்தார்கள். நாலு மணிக்குக் கூப்பிட்டு, ரூம் வாரியாகப் பார்த்தேன், ஏஜென்ட் வாரியாகப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை என்றார். பிறகு ஒன்று கேட்டார்.

"மேடம், நீங்க அனுப்புன அந்த லிஸ்ட்ட நான் பாக்கலாமா? எல்லார் கார்டும் இப்ப என் கையில இருக்கு. கார்ட வச்சுக்கிட்டு ஒரு தடவ பாத்துப்புடுறேன்."

போட்டோவைப் பார்த்த கண் தப்பு செய்திருக்கலாம், அட்டையையே பார்க்கிற கண் கண்டுபிடிக்கலாம் என்று ஃபைலை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி போன். குரல் தாழ்ந்திருந்தது.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. நான் ஒரு வேல பண்ணிப்புட்டேன். போன்ல நோட்டு மாதிரி ஒண்ணு இருக்குல்ல, அதுல தெறந்தேன். பெருவெரலு அழிக்கிற பட்டன்ல பட்டு என் வரியிலருந்து கொஞ்சம் அழிஞ்சுபோச்சு."

"பரவால்ல, அது காப்பிதான். ஒண்ணும் ஆகாது."

"அதுக்குச் சொல்லல மேடம். என் வரியில கடைசியிலருந்து அழிஞ்சுச்சு. ரிக்கர்ங்கிறது போச்சு. அடுத்தாப்புல அரபி எழுத்து ஒண்ணு ஒண்ணாப் போச்சு. நம்பரு அப்புடியே நின்னுச்சு. சரின்னு இன்னொரு வரியில வேணும்னே அழிச்சுப் பாத்தேன். பாண்டித்துரை வரி. அதுல ரிக்கர் போனதுக்கப்பறம் நம்பரு போகுது. அரபி நிக்கிது. ரெண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரித்தேன் இருக்கு. அழிக்கிறப்ப மட்டும் வேற வேறயாப் போகுது. ஏன் மேடம்?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "இன்னும் சில வரியில அழிச்சுப் பாருங்க" என்றேன்.

"பாத்துப்புட்டேன் மேடம். செல்லாதுன்ன ஆள்ல அஞ்சு, ஓகே ஆன ஆள்ல அஞ்சு. செல்லாத அஞ்சுலயும் அரபிதேன் மொதல்ல போகுது. ஓகே ஆன அஞ்சுலயும் நம்பருதேன் மொதல்ல போகுது. பத்துக்குப் பத்து." அவர் குரலில் பயம் போய் வேறு ஒன்று வந்திருந்தது. பூட்டுக்குள் சாவி திரும்பும் சத்தம் கேட்டவர் மாதிரிப் பேசினார்.

என் லேப்டாப்பில் அதே சோதனையைச் செய்தேன். அழிக்கிற சாவியைத் தட்டத் தட்ட, அவர் சொன்னபடியே நடந்தது. கணவர் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை, அவருடைய லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி ஃபைலை அந்தக் கறுப்புத் திரையில் போடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காக இருந்த எண்களின் வரிசை இப்போது எடுப்புப் பல் மாதிரி அங்கங்கே முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. எண்ணினேன். இருபத்து மூன்று.

கணவர் ஒரு பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினார். அரபி வலமிருந்து இடமாகப் போகும். அதை ஒட்டிப் பின்னால் ஓர் எண் வந்தால், அந்த எண்ணும் அரபியோடு சேர்ந்து இடப்பக்கம் போய் நின்றுகொள்ளும். எண்ணை அரபிக்கு முன்னால் அடித்தால், அது முன்னால், அதாவது இடப்பக்கம்தான் நிற்கும். ஆகமொத்தம் ஃபைலுக்குள் எண் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் நோட்பேடும் மேக்கும் போனும் ஒரே இடத்தில்தான் காட்டும். திசை தெரிந்த எடிட்டர்கள் மரியாதையாகப் பொய் சொல்கின்றன, திசை தெரியாத எடிட்டர் அவமரியாதையாக உண்மை சொல்கிறது.

"ஆனா இருபத்து மூணு வரியில மட்டும் யார் மாத்தினது? நீ முதல்ல அடிச்சப்ப எல்லாம் சரியாத்தானே இருந்தது. நானே பாத்தேனே" என்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்தெட்டு வரியிலும் எண்ணை வெட்டி, அரபிப் பெயரின் வலப்பக்க ஓரத்தில் மவுஸை வைத்து ஒட்டினேன் அல்லவா? அந்த வலப்பக்க ஓரம்தான் அரபிப் பெயரின் ஆரம்பம். மவுஸ் முனை அரபி எழுத்தின் மேல் பட்டிருந்தால் எண் பெயருக்கு முன்னால் போய் விழும். பக்கத்துக் கமாவின் மேல் பட்டிருந்தால் பெயருக்குப் பின்னால் விழும். முப்பத்தைந்து முறை கமாவின் மேல் பட்டிருக்கிறது. இருபத்து மூன்று முறை எழுத்தின் மேல் பட்டிருக்கிறது. கேட் ஆபீஸின் கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது, மூன்றாவது இடத்தில் எண் இருக்க வேண்டும், அங்கே பெயர் இருந்தது, செல்லாது என்று சொல்லிவிட்டது. நான் தொடாமல் அனுப்பியிருந்தால் ஐம்பத்தெட்டும் சரியாகப் போயிருக்கும். இரண்டு கம்ப்யூட்டர் சொன்னதை நம்பி, ஒன்று சொன்னதைத் தள்ளி, என் கையாலேயே கெடுத்திருக்கிறேன்.

அன்று மாலை விம்மில் நான்கு சாவிகள் கற்றுக்கொண்டேன். ஒரு சொல்லை வெட்ட, ஒட்ட, போன தடவை செய்ததைத் திரும்பப் பெற, சேமித்து வெளியே வர. கணவர் செய்து தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். இருபத்து மூன்று வரியையும் நானே திருத்தினேன். பெயர்கள் எல்லாம் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன, அது இப்போது என்னை உறுத்தவில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அனுப்பினேன். பதினொன்றே முக்காலுக்குப் பதில் வந்தது. ஐம்பத்தெட்டுப் பேரும் சரி.

முதலில் கூப்பிட்டது விஜயபாஸ்கர். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர், "விடுங்க மேடம். சிஸ்டம் எரர்னு கஃபீலுக்கு ஒரு மெயில் போட்டுடுறேன். ஆளுங்ககிட்டயும் அப்படியே சொல்லிட்டேன். உங்க பேர எதுக்கு இழுக்கணும்? கலாஸ், முடிஞ்சுபோச்சு" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்கு வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார முடியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு நாகலிங்கத்தைக் கூப்பிட்டேன்.

"லிஸ்ட் ஓகே ஆயிடுச்சு. சனிக்கிழமை எல்லாரும் உள்ள போறீங்க" என்றேன்.

"தெரியும் மேடம். சார் சொன்னாரு. சிஸ்டம் எரராம்ல."

"எரர் இல்ல நாகலிங்கம். நான் பண்ணின தப்பு. இருபத்து மூணு பேரோட நம்பரை நான்தான் இடம் மாத்தி வச்சுட்டேன். தெரியாம பண்ணினேன். ஆனா நான்தான்."

பின்னால் பாத்திரங்கள் உரசும் சத்தம் கேட்டது.

"நேத்து அழிச்சுப் பாக்குறப்பவே நெனச்சேன் மேடம். நம்பரு தானா நடந்துபோயி ஒக்காராதுல்ல."

"அப்புறம் ஏன் என்னக் கேக்கல?"

"உங்ககிட்ட எப்புடிக் கேக்குறது" என்றார். பிறகு, "ஒரு ஒதவி பண்றீங்களா மேடம்? இத எங்கிட்டச் சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல. என் கார்டு நல்ல கார்டுன்னு எனக்குத் தெரியும். இருவத்து மூணு பேத்துக்கும் தெரியும். மத்த முப்பத்தஞ்சு பேத்துக்குத்தேன் தெரியல. சிஸ்டம் எரருன்னா ஒருத்தனும் நம்பல. யாரையோ பிடிச்சுச் சரிக்கட்டிட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. அடுப்பு இன்னும் ரெண்டாத்தேன் எரியுது. எல்லாரும் இப்ப மெஸ்ஸுலதேன் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடுறேன். நீங்களே சொல்லிடுறீங்களா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு ஆண்களிடம் ஒரே நேரத்தில் நான் பேசியதில்லை, அதுவும் தப்பை ஒப்புக்கொள்ள. மேஜைக்கு அந்தப் பக்கம் கணவரும் ரக்ஷிதாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்கிறேன் என்றேன்.

நாகலிங்கம் ஏதோ சத்தமாகச் சொல்ல, பாத்திரச் சத்தம் அடங்கியது. நான் என் பெயரைச் சொன்னேன். மனாமா ஆபீஸில் உங்கள் பேப்பர் எல்லாம் பார்ப்பவள் என்று சொன்னேன். அட்டை எதிலும் தப்பு இல்லை, பட்டியல் அடித்தபோது எண்ணை நான் இடம் மாற்றி வைத்துவிட்டேன், அதனால்தான் செல்லாது என்று வந்தது, யாரும் யாரையும் பிடித்துச் சரிக்கட்டவில்லை, என்ன தப்பு என்று கண்டுபிடித்ததே நாகலிங்கம்தான் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன், இருந்தது.

"மேடம், நான் பாண்டித்துரை பேசுறேன்" என்றது ஒரு குரல். "என் வரியிலயும் நம்பர மாத்துனீங்களா?"

"எல்லா வரியிலயும்தான். ஐம்பத்தெட்டுலயும் வெட்டி ஒட்டினேன்."

"அப்பறம் எனக்கு மட்டும் எப்புடி ஓகேன்னு வந்துச்சு?"

"மவுஸை வச்ச இடம். உங்க வரியில எழுத்துக்கு அந்தப் பக்கம் பட்டிருக்கு. உங்க மாமா வரியில இந்தப் பக்கம் பட்டிருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"எம்புட்டுத் தூரம் மேடம், அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும்?"

அவர்கள் இரும்பை நூல் கணக்கில் அளப்பவர்கள். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

"ஒரு நூல்கூட இருக்காது" என்றேன்.

"ஒரு நூலு" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டது கேட்டது. பிறகு, "மாமா, ஒரு நூலுக்கா உன் தட்டத் தனியா எடுத்து வச்சேன்?" என்றார்.

அது என்னிடம் கேட்டதில்லை. நான் போனை வைத்தேன்.